துண்டு போட்ட இடமா, எண் போட்ட இருக்கையா?

இரண்டு சீசனுக்கு முன் எங்கள் கிரிக்கெட் கிளப்பிலிருந்து உறுப்பினர்களுக்கு ஒரு படிவம் வந்தது. உறுப்பினர் ஸ்டாண்டில் முந்தி வந்தவருக்கு இடம் என்ற பழைய பாஸையே வைத்துக்கொள்ளலாம், அல்லது சந்தாவுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி, சீசன் முழுக்க எண் போட்ட ஒரே இருக்கையை எடுத்துக்கொள்ளலாம். அன்று மாலை கேன்டீனில் நடந்த சண்டையைப் பார்த்தால் கிளப்பே இரண்டாகிவிடும் போல இருந்தது. பதினோரு வருஷம் துண்டு போட்டு இடம் பிடித்த நான், எண் போட்ட இருக்கைக்கு மாறினேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

இடத்துக்காகச் சண்டை போடுவது எங்கள் கிளப்பின் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. மும்பையில் பிரபோர்ன் மைதானத்தை வைத்திருந்த கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவுக்கும் அன்றைய பம்பாய் கிரிக்கெட் சங்கத்துக்கும் யாருக்கு எத்தனை இருக்கை என்று தகராறு முற்றி, சங்கம் கூப்பிடு தூரத்திலேயே வான்கடே மைதானத்தைக் கட்டிக்கொண்டு போனது. 1975 ஜனவரியில் அங்கே முதல் டெஸ்ட் நடந்தது. பிரபோர்னுக்கு 1973க்குப் பிறகு அடுத்த டெஸ்ட் 2009இல்தான் வந்தது. 2018இல் இலவச பாஸ் பங்கீட்டில் இந்திய வாரியத்துக்கும் மத்தியப் பிரதேசச் சங்கத்துக்கும் ஒத்துவராமல், இந்தூரில் நடக்க வேண்டிய ஒருநாள் போட்டி விசாகப்பட்டினத்துக்குப் போனது. கோலி பத்தாயிரம் ரன்னைத் தொட்டதும், ஆட்டம் சமனில் முடிந்ததும் அந்தப் போட்டியில்தான். பாஸுக்காக மல்லுக்கட்டிய இந்தூர்க்காரர்கள் அதை டிவியில் பார்த்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூடுதல் காசு யாருக்கு வலிக்கும், சீக்கிரம் எழுவது யாருக்கு முடியாது என்பதெல்லாம் அவரவருக்கே தெரியும். வரிசையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் டெஸ்ட் நாள் காலையில் கோட்டும் டையுமாக மூத்த உறுப்பினர்கள் கேட் திறக்கும் முன்பே வந்து நிற்பார்கள். 1890இல் திறந்த, உறுப்பினர்கள் உட்காரும் பெவிலியன் கட்டடத்தில் நல்ல இடம் வேண்டுமென்றால் அதுதான் வழி. அங்கே முழு உறுப்பினராவதற்கே பத்தாண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். வாழ்க்கையில் பாதி ஒரு வரிசையில் போன பிறகு, காலையில் எழுந்து இன்னொரு வரிசை.

துண்டு போட்டுப் பிடிக்கும் திறந்த இருக்கையில் எனக்குப் பிடித்தது சுதந்திரம். பெரும்பாலான மைதானங்களில் ஆடுகளம் ஏறத்தாழ வடக்கு தெற்காகத்தான் இருக்கும். மாலை வெயில் பேட்ஸ்மேனின் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. அதனால் மேற்கு ஸ்டாண்டில் மதியத்துக்கு மேல் நிழல் இறங்கும், கிழக்கில் உட்கார்ந்தவர் தலை காயும். திறந்த இருக்கைக்காரர் நிழலோடு நகரலாம். புதுப் பந்து காற்றில் வளையும் முதல் மணி நேரம் பந்துவீச்சாளரின் கைக்கு நேர் பின்னால், சுழற்பந்து வந்ததும் கொஞ்சம் பக்கவாட்டில், பேச்சுத்துணை தேவைப்பட்டால் மேல் வரிசையில் கிடக்கும் பழைய கூட்டத்தோடு. எண் போட்ட இருக்கையில் இதெல்லாம் இல்லை. பக்கத்தில் யார் வந்து வாய்க்கிறாரோ அவர்தான் சீசன் முழுக்க. என் இடது பக்கத்துக்காரர் ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்பு சொல்கிறவர். அதுவும் சத்தமாக.

ஆனால் இந்தச் சுதந்திரம் ஸ்டாண்ட் பாதி காலியாக இருக்கும் நாளில்தான் கிடைக்கும். நிறைகிற நாளில், காலையில் பிடித்த இடத்திலேயே ஆணி அடித்தாற்போல் கிடக்க வேண்டும். டெஸ்டில் மதிய உணவு இடைவேளை 40 நிமிடம், தேநீருக்கு 20. அந்த நேரத்தில் எழுந்தால் திரும்பி வரும்போது இடம் இருக்குமா என்பது துண்டின் அதிர்ஷ்டம். இதற்கு மேல் ஒரு கூத்து, ஒரே ஆள் ஆறு இருக்கைகளுக்குத் துண்டு, செய்தித்தாள், தண்ணீர் பாட்டில் என்று வரிசையாக வைத்துவிட்டு, ‘ஆள் வராங்க’ என்பார். பதினோரு மணி வரை அந்த ஆள் வரமாட்டார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாத பொருளை அகற்றலாம் என்று கிளப் விதி சொல்கிறது. எடுத்துவைத்த பணியாளரை நான் பார்த்ததில்லை. மூத்த உறுப்பினரின் துண்டில் யார் கை வைப்பார்கள்?

இதுவரை சொன்னதை வைத்து முடிவெடுத்திருந்தால் இரண்டும் சமமாகவே இருந்திருக்கும். என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு சொல்கிற கேள்வி வேறு. நீங்கள் வராத நாளில் அந்த இடம் என்ன ஆகிறது?

முதல் சீசனில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்து நாள் டெஸ்டுக்கு ஐந்து நாளும் வருகிறவர்கள் ஓய்வு பெற்றவர்களும் கொடுத்துவைத்தவர்களும்தான். நான் வந்தது இரண்டு நாள். மூன்றாம் நாள் அலுவலகத்தில் இருக்கும்போது போனுக்கு ஒரு படம் வந்தது. நிரம்பி வழியும் ஸ்டாண்ட், நடுவில் பல் விழுந்த மாதிரி ஒரே ஒரு காலி இருக்கை. கீழே ஒரு செய்தி: ‘தம்பி, உன் சீட்டு வெயில் காயுது. அண்ணன் நின்னுகிட்டு இருக்கேன்.’ அனுப்பியவர் பதினோரு வருஷம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், இன்னமும் துண்டுக் கட்சி. அதில் உட்காரப் போனவரைப் பணியாளர் எண்ணைக் காட்டி எழுப்பிவிட்டாராம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. திறந்த இருக்கை காலையில் ஒருவருக்கு, மதியம் இன்னொருவருக்கு, கடைசி மணி நேரம் அலுவலகம் முடிந்து ஓடி வருகிறவருக்கு என்று நாளெல்லாம் உழைக்கும். எண் போட்ட இருக்கை சொந்தக்காரர் வந்தால்தான் உழைக்கும். டிக்கெட் கிடைக்காமல் வெளியே நிற்கிற ரசிகர், டிவியில் உறுப்பினர் ஸ்டாண்டின் காலி இருக்கைகளைப் பார்த்துத் திட்டுவதும் இதனால்தான். மெல்போர்ன் கிரிக்கெட் கிளப்பில் உறுப்பினராகக் காத்திருப்போர் மட்டுமே இரண்டு லட்சத்துக்கு மேல். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு இருக்கை ஆளில்லாமல் கிடந்தால் பார்க்கிறவன் வயிறு எரியாதா?

இரண்டாவது சீசனில் ஒரு மாற்றம் வந்தது. வர முடியாத நாளை முந்தைய நாள் மாலைக்குள் கிளப் ஆப்பில் குறித்தால், அந்த ஒரு நாளுக்கு இருக்கை பொதுவில் போய்விடும், கட்டிய கூடுதல் காசில் ஒரு பகுதி அடுத்த வருஷச் சந்தாவில் கழியும். நான் ஐந்து நாள் ஒப்படைத்தேன், ஐந்து நாளும் யாரோ எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு நாள் எடுத்தவர் நம்ம அண்ணன். ‘உன் சீட்டுல கால் நீட்ட இடம் பத்தலை’ என்று குறையும் சொன்னார். இந்த ஒப்படைக்கும் வசதிதான் என்னைத் தொடர வைத்தது. அது இல்லாத கிளப் என்றால் எண் போட்ட இருக்கைக்கு நான் காசு கட்டமாட்டேன், உங்களையும் கட்டச் சொல்லமாட்டேன்.

இந்த வசதியை நான் பார்த்தது ஒரே ஒரு சீசன்தான். பெரிய போட்டிக்கு யார் ஒப்படைப்பார்கள்? அந்த நாளுக்கு ஆப்பைத் திறந்து பார்த்தபோது பட்டியலில் ஒன்றுகூட இல்லை. காலக்கெடுவும் தொல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்பது காலை ஆறு மணிக்குத்தான் தெரியும், அதற்குள் கெடு முடிந்திருக்கும். டி20க்கு இது எப்படி ஒத்துவரும் என்பதிலும் எனக்கு அனுபவம் போதாது. மூன்றரை மணி நேர ஆட்டத்தில் எழுந்து போகிறவரே குறைவு என்பதால், அங்கே இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைக்கிறேன்.

மூன்றாவதாக, உறுப்பினர் ஸ்டாண்டே வேண்டாம், பொது டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்கிறவர்களும் உண்டு. வருஷத்துக்கு இரண்டு ஆட்டம் பார்க்கிறவருக்கு அது சரிதான். உலகக் கோப்பை மாதிரிப் போட்டிகளில் டிக்கெட் அதிகாரம் வேறு கைக்குப் போய்விடுவதால், நம் அட்டை அப்படியே செல்லும் என்று நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது. அப்போது நாமும் ஊரோடு ஊராக இணையத்தில் ‘காத்திருக்கவும்’ என்று சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். விருந்தினரை அழைத்து வருவதற்கு மட்டும் திறந்த பாஸே மேல். எண் போட்ட இருக்கையில் நீங்கள் ஒரு மூலை, அவர் ஒரு மூலை.

மாறுவதாக இருந்தால் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், மதியம் மூன்று மணிக்கு ஒருநாள் போய் அந்த இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். வரைபடத்தில் வெயிலும் தெரியாது, தூணும் தெரியாது. வரிசையின் ஓரமாகக் கேளுங்கள். நடுவில் கிடைத்தால் ஓவர் முடியும் வரை எழ முடியாது, எழுந்தால் எட்டு முழங்காலைத் தாண்ட வேண்டும். எனக்கு நடுவில்தான் கிடைத்தது. இந்த வருஷப் படிவத்தில் ஓரம் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.