பரிசாக மியூசிக் பிளேயர் வாங்குகிறீர்களா? பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று இரவு பதினொன்றரைக்கு எனக்கு வந்த பதில்: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." என்ன தீர்ந்தது? என்னுடைய பத்து நாள் சம்பளம்தான் தீர்ந்தது.

பெயரைச் சொல்லப்போவதில்லை. யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம் என்று இடம் கொடுக்கிற பெரிய ஆன்லைன் தளம் ஒன்று, அதில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ஒரு ஆள். அவ்வளவு போதும். பெயரைப் போட்டால் நாளைக்கே வேறு பெயரில் கடை திறப்பார்கள். எப்படி ஏமாந்தேன் என்பதைச் சொல்கிறேன். இதுபோல ஒன்று வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக வாங்கியது. அவருக்குக் கண் மங்கல், விரலும் லேசாக நடுங்கும். போனில் பாட்டு போட்டுக் கொடுத்தால் கண்ணாடித் திரையில் கை எங்காவது பட்டு நின்றுவிடும். இல்லாவிட்டால் பாட்டுக்கு நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். "பட்டன் வச்சது ஏதாவது கெடைக்குமாம்மா? அமுக்கினா பாடணும், திரும்ப அமுக்கினா நிக்கணும்" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். வாய்விட்டு எதையும் கேட்கிற ஆள் இல்லை அவர். அதனாலேயே தேட ஆரம்பித்தேன்.

தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தச் சாமானே இப்போது அருகிப்போய்விட்டது. 2001-ல் ஆப்பிள் நிறுவனத்தின் மியூசிக் பிளேயரான ஐபாட் முதன்முதலில் 5 ஜிபியோடு வந்தபோது ஆயிரம் பாட்டு பிடிக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். 2022 மே மாதம் அந்த வரிசையையே நிறுத்திவிட்டார்கள். தேடினால் ஒரு பக்கம் இசைப் பைத்தியங்களுக்கான பிளேயர்கள், விலையைக் கேட்டாலே காது அடைக்கும். இன்னொரு பக்கம் கேள்வியே படாத பெயர்களில் குட்டிக் குட்டிப் பிளேயர்கள். நான் எடுத்தது இரண்டுக்கும் நடுவில். மலிவாக இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். பத்து நாள் சம்பளம் கேட்டான், அதனாலேயே நல்ல பொருள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாங்குவதற்கு முன்னால் சாட்டில் கேட்டேன், 64 ஜிபி என்பது நிஜம்தானா என்று. உடனே ஒரு வீடியோ வந்தது. கையில் பிளேயரை வைத்து, செட்டிங்கில் போய், "மொத்த அளவு 64 ஜிபி" என்ற திரையைக் காட்டினான். அதுகூடப் பரவாயில்லை. யாருக்கு என்று கேட்டான். அப்பாவுக்கு என்றேன். "எங்க அப்பாவுக்கும் இதையேதான் மேடம் வாங்கிக் கொடுத்திருக்கேன். பட்டன் பெரிசு, கண்ணு தெரியலன்னாலும் தடவியே பாட்டு மாத்தலாம்" என்றான். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். முன்பின் தெரியாத ஒருவன் என் அப்பாவின் விரலைப் பற்றி யோசிக்கிறானே என்று எனக்குக் கண் கலங்கியது. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்புறம் இன்னொன்றும் சொன்னான். "பரிசுன்னா கிஃப்ட் பேக்கிங் இலவசம் மேடம். சீலைப் பிரிக்காம அப்படியே கொடுங்க, அதுதான் அழகு." இதைக் கவனியுங்கள். மொத்த வித்தையும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. பிறந்தநாளுக்குப் பதினெட்டு நாள் முன்பே பெட்டி வந்துவிட்டது. பளபளவென்று காகிதம், மேலே ரிப்பன். பிரிக்க மனசு வருமா? அலமாரியில் புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். திருப்பி அனுப்புவதற்கு அவகாசம் பத்து நாள். அது பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும். அப்பா ரிப்பனை அவிழ்த்தபோது அந்த அவகாசம் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

பிறந்தநாள் அன்று இரவு தம்பி லேப்டாப்பிலிருந்து பாட்டு ஏற்றினான். அப்பாவின் பழைய கேசட்டுகளை இரண்டு மாதமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக எம்பி3 ஆக மாற்றி வைத்திருந்தோம். எல்லாம் சேர்த்து 4,200 பாட்டு, கிட்டத்தட்ட 20 ஜிபி. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ஒரு பிழைச் செய்தி வரவில்லை. முதல் நாலைந்து பாட்டைப் போட்டுப் பார்த்தோம், அருமையாகக் கேட்டது. அப்பா இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு இரவே அந்த விற்பனையாளனுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். ஆமாம், நானேதான்.

மூன்றாவது நாள் அப்பா தயங்கித் தயங்கி வந்தார். "ஏம்மா, காது டாக்டர்கிட்ட ஒரு தடவை போலாமா?" என்றார். என்னப்பா ஆச்சு என்றால், "ரெண்டு நாளா சில பாட்டு காதுல விழவே மாட்டேங்குது. பட்டனை அமுக்கறேன், ஒண்ணும் கேக்கல" என்கிறார். பொருளின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மகள் வாங்கிக் கொடுத்தது, பழுதாகவா இருக்கும்? தன் காதுதான் போய்விட்டது என்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

பணத்தை விடுங்கள், இதை மன்னிக்கவே மாட்டேன்.

தம்பி வாங்கிப் பார்த்தான். 4,200 பாட்டின் பெயரும் வரிசையாக இருக்கிறது. ஏறக்குறைய 1,500 பாட்டு வரைக்கும் பாடுகிறது. அதற்கப்புறம் பெயர் மட்டும் வரும், சத்தம் வராது. லேப்டாப்பில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பரிசோதித்தான். அது சோதனைக் கோப்புகளை எழுதி நிரப்பிவிட்டு, எழுதினது அப்படியே இருக்கிறதா என்று திரும்பப் படித்துப் பார்க்கும். முடிந்ததும் தம்பி திரும்பி, "அக்கா, இது வெறும் எட்டு" என்றான்.

விஷயம் இதுதான். உள்ளே இருப்பது 8 ஜிபி சிப். அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் "நான் 64" என்று பொய் சொல்லும்படி எழுதிவைத்திருக்கிறார்கள். பிளேயரும் கணினியும் அளந்து பார்ப்பதில்லை, அது சொன்னதை அப்படியே காட்டுகின்றன. எட்டு நிரம்பும்வரை ஒழுங்காக எழுதும். அதற்கு மேல் வருவதை எல்லாம் வாங்கிக்கொள்வதுபோல் நடித்துவிட்டுத் தொலைத்துவிடும். (சில சிப் முதலில் எழுதியதன் மேலேயே திரும்ப எழுதுமாம், அது இன்னும் மோசம்.) கோப்புகளின் பெயர்ப் பட்டியல் தனியாக முன்பக்கத்தில் இருப்பதால் பெயர் மட்டும் மிஞ்சுகிறது. 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) தரத்தில் எம்பி3 என்றால் நிமிடத்துக்குச் சுமார் ஒரு எம்பி, ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஐந்து எம்பி. 1,500 பாட்டில் நின்றுபோனதன் கணக்கு அதுதான். நல்லவேளை, எல்லாப் பாட்டும் லேப்டாப்பில் இருந்தது. அழித்திருந்தால் இரண்டு மாத உழைப்பும் போயிருக்கும்.

சரி, புகார் கொடுத்தேன். முதல் பதில்: "ஃபார்மட் செய்து பாருங்கள் மேடம்." செய்தோம். அடுத்தது: "உங்கள் பாட்டு ஃபைலில் பிரச்சினை." அதே பாட்டு லேப்டாப்பில் பாடுகிறதே என்றால், "கேபிளை மாற்றிப் பாருங்கள்." மாற்றினோம். பிறகு ஒரு பெரிய விளக்கம் வந்தது. ஆயிரத்தால் கணக்கிடுவதற்கும் 1,024-ஆல் கணக்கிடுவதற்கும் வித்தியாசம் உண்டு, அதனால் கணினியில் அளவு குறைவாகத் தெரிவது சகஜம் என்று. அது உண்மைதான். அந்தக் கணக்கில் 64 என்பது 59.6 என்று தெரியும். எந்தக் கணக்கில் ஐயா எட்டாகும்? அதற்குப் பதில் இல்லை. பரிசோதனை முடிவைப் படம் பிடித்து அனுப்பினேன். "வேறு மென்பொருள் பயன்படுத்தியதால் உத்தரவாதம் ரத்து" என்றான். என் அப்பாவின் விரலைப் பற்றிக் கவலைப்பட்ட அதே ஆள்.

தளத்தின் வாடிக்கையாளர் சேவை இதைவிடப் பிரமாதம். முதலில் ஒரு இயந்திரம் பேசியது. அது கொடுத்த ஐந்து காரணங்களில் "போலி அளவு" என்பது இல்லை, "மனம் மாறிவிட்டது" இருந்தது. மனிதர் ஒருவரைப் பிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அவர், "அவகாசம் முடிந்துவிட்டது, விற்பனையாளரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்றார். விற்பனையாளனோ, "பணம் தளத்திடம் இருக்கிறது, அவர்களைக் கேளுங்கள்" என்கிறான். நாலு தடவை இப்படிப் பந்தாடினார்கள். கடைசியில் விலையில் பத்தில் ஒரு பங்கு தருகிறேன், புகாரை எடுத்துவிட்டு ஐந்து நட்சத்திரத்தை அப்படியே விட்டுவிடுங்கள் என்று பேரம். பத்து நாள் சம்பளத்தில் ஒரு நாள் சம்பளம்! முடியாது என்றேன். அன்று இரவுதான் "தீர்க்கப்பட்டது" வந்தது.

மற்றவர்கள் எழுதிய விமர்சனங்களை இப்போது உட்கார்ந்து படிக்கிறேன். "சீக்கிரம் வந்தது", "பேக்கிங் சூப்பர்", "அம்மாவுக்குப் பரிசாகக் கொடுத்தேன், மிகவும் சந்தோஷப்பட்டார்." எல்லாம் பொருள் வந்த அன்றைக்கே எழுதியவை. 64 ஜிபியை நிரப்பிப் பார்த்து ஒருவர்கூட எழுதவில்லை. இரண்டு பேர் போன் கவரைப் பாராட்டியிருக்கிறார்கள், அது எப்படி இங்கே வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இப்படி எத்தனை பேருடைய அப்பா அம்மா தங்கள் காதைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை வலிக்கிறது, பொறுமையும் இல்லை. சுருக்கமாக: பரிசாக இருந்தாலும் வந்த அன்றே பிரியுங்கள், காகிதம் நீங்களே வாங்கிச் சுற்றிக்கொள்ளலாம். பாட்டு ஏற்றுவதற்கு முன் முழு அளவையும் நிரப்பிப் பரிசோதியுங்கள். விண்டோஸ் என்றால் மேலே சொன்ன மென்பொருள், லினக்ஸ், மேக் என்றால் எஃப்3 என்ற மென்பொருள். மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மெமரி கார்டு தனியாகப் போடுகிற பிளேயராகப் பார்த்து, கார்டை நம்பகமான இடத்தில் வாங்குங்கள், அதையும் பரிசோதியுங்கள். பொருள் வந்த சூட்டில் என்னைப்போல நட்சத்திரம் கொடுக்காதீர்கள்.

எந்த வங்கி வழியாகப் பணம் கட்டினேனோ அங்கே இன்று காலை புகார் போட்டிருக்கிறேன். பொருளைத் திருப்பி அனுப்பத் தயாராக வைத்திருக்கச் சொன்னார்கள். அப்பா அதில் இன்னும் அந்த 1,500 பாட்டையே சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார், "இதுவே போதும்மா, விடு" என்கிறார். திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.