கேஸ் ஹீட்டரா, கரண்ட் ஹீட்டரா, பின்கட்டு பாய்லரா?

பொங்கலுக்கு ஊர் வீட்டைத் திறந்தால் இருபது பேருக்கு வெந்நீர் வேண்டும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இதற்கு மூன்று வழிகள் புழங்குகின்றன. செலவை விட்டுவிட்டு, அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவை மட்டும் கணக்கில் வைத்து இவற்றைப் பார்க்கிறேன்.

மூன்றில் அந்த வாயுவை அதிகம் கக்குவது விறகு பாய்லர்தான். ஆனால் அது இருப்பது பின்கட்டில், வானம் பார்த்த இடத்தில். வருவது காற்றோடு போய்விடும். மழைக்குப் பயந்து உள்ளே இழுத்து வைத்தால் கதை வேறு. கங்குச் சட்டியும் அப்படித்தான். புகை அடங்கிவிட்டதே என்று பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறார்களே, அந்தப் புகையில்லாத கங்குதான் மோசம்.

கேஸ் ஹீட்டரை நம் ஊரில் வாங்குவதற்கு நியாயமான காரணம் உண்டு. பழைய வயரிங் தாங்காது. ஆள் மாற்றி ஆள் குளித்தாலும் வெந்நீர் நிற்காது. சிக்கல் அந்த இரண்டாவது வசதியில்தான் இருக்கிறது. வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய அறையில் ஒரு மூலையைத் தடுத்து, சன்னல் இல்லாமல் குளியலறை கட்டியிருக்கிறோம். சிலிண்டர் கேஸில் இருக்கும் புரொப்பேன் ஒரு பங்கு முழுதாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும். நாலைந்து பேர் குளித்து முடிப்பதற்குள் அந்தப் பொந்தில் ஆக்சிஜன் குறைந்து, கேஸ் அரைகுறையாக எரிய ஆரம்பிக்கும்.

"கேஸ்னா வாடை வராதா?" என்று அப்பத்தா கேட்டார். சிலிண்டர் வாடை, கசிவு தெரியட்டும் என்று கலக்கும் மெர்காப்டனின் வாடை. எரிந்தபின் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் பித்தம் என்று நினைத்துக்கொள்வோம்.

கரண்ட் ஹீட்டரில் இந்த வாயுவே கிடையாது. 2000 வாட் என்றால் 9 ஆம்பியர் இழுக்கும். தனி வயர், 16 ஆம்பியர் பிளக், ஒழுங்கான எர்த் வேண்டும். 15 லிட்டர் தொட்டி காலியானால் அடுத்தவர் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கட்டுமே. அறைக்குள் வைப்பதென்றால் இது ஒன்றுதான். கேஸ்தான் வேண்டுமென்றால் ஹீட்டரை வெளிச்சுவரில் மாட்டி, குழாயை மட்டும் உள்ளே விடுங்கள்.

கார்பன் மோனாக்சைடு வந்தால் கத்தும் அலாரம் வாங்கினால் போதாதா? அமெரிக்கத் தரப்படி 400 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு) அளவில் அது 4 முதல் 15 நிமிடத்துக்குள் அலறவேண்டும். 70 பிபிஎம்மில் ஒரு மணியிலிருந்து நான்கு மணி நேரம் வரை ஆகலாம். படுக்கையறைக்கு நல்லது. குளியலறை ஆவியில் அதை நம்பமாட்டேன்.

உள்ளே போனவர் குரல் கொடுக்கவில்லையா, கதவை உடைத்து, கேஸை மூடி, ஆளை முற்றத்துக்குத் தூக்கிவந்து 108-ஐ அழையுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் 98 காட்டினாலும் நம்பவேண்டாம். ரத்தத்தில் இருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது. கேஸ் ஹீட்டர் ஓடியது என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வெறும் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் அந்த வாயு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும்.