பெரிக் குளோரைட்டுக் கேனை நெல் தராசில் ஏற்றிப் பாருங்கள்

கல்முனைப் பக்கத்தில் உள்ள எங்கள் புழுங்கல் அரிசி ஆலையின் கழிவுநீரில் பொஸ்பேற்றைக் குறைப்பதற்காக, 40 சதவீதம் என்று விற்கப்படும் பெரிக் குளோரைட்டு என்னும் இரும்பு உப்பின் கரைசலை இரண்டு தடவை வாங்கினேன். நெல் ஊறிய நீர் வாய்க்கால் வழியே கடைசியில் வாவியைத்தான் சேர்கிறது. கிட்டங்கியில் பொஸ்பேற்று ஊட்டத்தில் ஆற்றுவாழை என்னும் நீர்க்களை மண்டிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

முதல் தடவை வந்த சரக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு லீற்றர் கழிவுநீரில் சிறிதளவு விட்டு, முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் கலக்கியபோது, வெறுந்தேநீர் நிறத்தில் பஞ்சுபோன்ற திரள்கள் உண்டாகி, அரை மணித்தியாலத்துக்குள் அடியில் படிந்தன. 1 கிலோ பொஸ்பரசைப் பிடிக்க ஏட்டுக் கணக்கில் 1.8 கிலோ இரும்பு, அதாவது ஏறத்தாழ 13 கிலோ கரைசல் போதும். ஆனால் இரும்பில் ஒரு பகுதி ஐதரொட்சைட்டாகிவிடுவதால், நடைமுறையில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை ஊற்றவேண்டியிருக்கிறது. நீரின் காரத்தன்மையையும் அது தின்றுவிடுவதால் சுண்ணாம்புச் செலவு தனி. கூடும் சேற்றை அள்ளும் கூலியும் தனி. அந்தச் சேற்றை அள்ளாமல் விட்டுக் கறுக்கவைத்தால், பிடித்த பொஸ்பேற்றில் ஒரு பங்கு மீண்டும் நீரில் கரைந்துவிடும். இவற்றை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை.

இரண்டாம் தடவை, 25 லீற்றர் கேனைத் தூக்கிய தம்பிதான் முதலில், "சேர், இது பாரம் குறைவு" என்றார். மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினோம். 40 சதவீதக் கரைசலின் அடர்த்தி லீற்றருக்கு 1.42 கிலோ அளவில் இருப்பதால், கேனின் எடை நீங்கலாக 35 கிலோவுக்கு மேல் காட்டவேண்டும். தராசு காட்டியதோ 32 கிலோ. அது 30 சதவீதக் கரைசலின் எடை. கேனுக்கு 4.9 கிலோ இரும்பு இருக்கவேண்டிய இடத்தில் 3.3 கிலோதான் இருந்தது, விலையோ அதேதான்.

விற்றவர்களிடம் தொலைபேசியில் கேட்டபோது, "மழைக்காலத்தில் அப்படித்தான் வரும்" என்றார்கள். முத்திரையிட்ட கேனுக்குள் மழை எப்படிப் புகுந்தது என்று கேட்டேன்; அதற்குப் பதில் இல்லை.

மருந்தைக் குறை சொல்லமாட்டேன், மீண்டும் இதையேதான் வாங்குவேன். ஆனால் இனி கேன் கணக்கில் அல்ல, அடர்த்தியைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருபவரிடம் கிலோக் கணக்கில் வாங்குவேன். இருக்கும் கேன்கள் முடியும்வரை, மருந்து விடும் பம்பின் அளவை ஒன்றரை மடங்காக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.