பீஸ் ரேட்டா, ஷிப்ட் சம்பளமா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டெய்லருக்குக் கூலி இரண்டு விதம். தைத்த எண்ணிக்கைக்குக் காசு என்றால் பீஸ் ரேட். உட்கார்ந்த நேரத்துக்குக் காசு என்றால் ஷிப்ட்.

பீஸ் ரேட்டில் கை வேகமான ஆளுக்குக் கொண்டாட்டம். யாரும் பின்னால் நின்று விரட்ட வேண்டியதே இல்லை. ஒரு கட்டு தீர்ந்ததும் அடுத்த கட்டு. தண்ணீர் குடிக்கக்கூட எழ மனம் வராது. சனிக்கிழமை தன் எண்ணிக்கையைத் தானே நோட்டில் கூட்டிப் பார்க்கிற நிறைவு இருக்கிறதே, அது நிஜமான ஊக்கம். ஆனால் அவசரத்தில் ஓவர்லாக் தையல், அதாவது துணி ஓரம் பிரியாமல் போடுகிற தையல், ஓரத்தில் நழுவும். செக்கிங்கில் திரும்பி வந்த பீஸைப் பிரித்துத் தைக்கிற நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது. அப்புறம், கரண்ட் போனாலும் துணி வரத் தாமதமானாலும் நஷ்டம் தைப்பவருக்குத்தான். இது எனக்கு நியாயமாகவே படவில்லை. ஆர்டர் பிடிப்பதும் துணி கொண்டுவருவதும் முதலாளி வேலை அல்லவா?

ஷிப்டில் அந்தப் பயம் இல்லை. மாடல் அடிக்கடி மாறும் வேலைக்கும், புதிதாகக் கற்பவர்களுக்கும், செக்கிங், பேக்கிங்குக்கும் இதுதான் பொருத்தம். வேகம் கொஞ்சம் குறையலாம், சரி. ஆனால் நிச்சயமான நல்ல சம்பளம் ஆட்களைப் பிடித்து வைக்கும். அமெரிக்காவில் கார் கம்பெனி முதலாளி ஹென்றி ஃபோர்டு 1914-இல் ஒரு நாள் சம்பளத்தை 5 டாலராக உயர்த்தியதற்கு ஒரு முக்கியக் காரணம், ஆட்கள் நிலைக்காமல் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருந்ததுதான். அவர் நாள் கணக்கில்தான் கொடுத்தார்.

ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் ஓடும்போது பீஸ் ரேட் வைக்கலாம் என்பேன், வேலை நின்ற நேரத்துக்கு ஷிப்ட் கூலி உண்டு என்று முதலிலேயே பேசிக்கொண்டால்.