ஆடு வளர்ப்பு ஆன்லைன் கோர்ஸ்: இமைப் பாடம் அருமை, மழை அட்டவணைதான் தாங்கவில்லை

நான் சேர்ந்திருக்கும் ஆடு வளர்ப்பு கோர்ஸின் கட்டணத்தை இப்போது பாதியாகக் குறைத்துவிட்டார்கள். மீஞ்சூர் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் திருவொற்றியூர் நண்பர், "இப்ப வாங்கலாமா?" என்று கேட்டார். போனில் சொல்லித் தீராது, அதனால் எழுதுகிறேன். பரண் கொட்டகை, தீவனப் புல், சினைக்காலம் 150 நாள் என்பதெல்லாம் எங்கேயும் கிடைக்கும். அதை விடுங்கள்.

இந்த கோர்ஸில் தங்கமான பாடம் ஒன்று உண்டு: ஆட்டின் கண் இமையைப் பார்ப்பது. மேல் இமையை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு கீழ் இமையைக் கட்டைவிரலால் இறக்கினால் உள்சதை தெரியும். நல்ல சிவப்பாக இருந்தால் ஆடு நலம். வெளுத்திருந்தால், பெரும்பாலும் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையில் இந்த நிறத்தை 1 முதல் 5 வரை பிரித்திருக்கிறார்கள். 4, 5 என்றால் மருந்து கட்டாயம். மந்தை முழுவதற்கும் சும்மா சும்மா மருந்து ஊற்றினால், கொஞ்ச காலத்தில் புழு அந்த மருந்துக்கு அடங்காது. ஆசிரியர் அவசரமே படாமல், ஒவ்வொரு ஆடாக வெயிலில் நிறுத்திக் காட்டுகிறார். கொட்டகை நிழலில் பார்த்தால் நிறம் ஏமாற்றும் என்கிறார், அது முழு உண்மை.

விச்சூரில் என் கொட்டகையில் கொடி ஆடு என்ற இனத்துப் பெட்டை ஒன்று நன்றாக மேய்ந்துகொண்டுதான் இருந்தது. தாடைக்குக் கீழே நீர் கோக்கவில்லை, கழிச்சலும் இல்லை. இமையை இறக்கிப் பார்த்தால் காகிதம் போல வெள்ளை. புழுக்கையை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன், அதில் புழு முட்டை ஏகத்துக்கும் இருந்தது. இந்தப் பாடம் இல்லாவிட்டால் அந்த ஆடு போயிருக்கும்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன். கோர்ஸோடு வரும் தடுப்பூசி, குடற்புழு நீக்க அட்டவணை முழுவதும் ஜூன் மாதம் பெருமழை தொடங்கும் ஊருக்குப் போட்டது. நமக்கு ஜூனில் கொஞ்சம் தூறும், அவ்வளவுதான். கொட்டித் தீர்ப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வெயில் மண்டையைப் பிளக்கும்போது "மழை தொடங்கிவிட்டது, கொட்டகையை மூடுங்கள்" என்று போனில் அறிவிப்பு வருகிறது. ஐப்பசியில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது ஒரு அறிவிப்பும் இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை. முதல் மழைக்கு முளைக்கும் இளம்புல்லை ஆடு வயிறு முட்ட மேய்ந்தால் குடலில் கிருமி பெருகி நஞ்சாகும், துள்ளுமாரி என்கிற அந்த நோயில் ஒரே நாளில் செத்துவிழும். அதற்கான ஊசியை மழைக்கு முன்னால் போட்டு, இரண்டு வாரத்தில் மறுபடியும் போட வேண்டும். எந்த மழைக்கு முன்னால் என்பதில்தானே உயிரே இருக்கிறது? புழுவும் அப்படித்தான், ஈரப் புல்லில்தான் அதன் குஞ்சு ஏறி நிற்கும். பூண்டி ஏரியைத் திறந்துவிட்டு கொசஸ்தலை ஆறு கரை தட்டும் மாதங்களில்தான் எங்களுக்கு ஆபத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இங்கே ஆடு வைத்திருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஊர் வாரியாக மாதத்தை மாற்றிக்கொள்ள ஒரு வசதி கொடுங்கள் என்று பலமுறை எழுதிவிட்டேன். "குறித்துக்கொண்டோம், நன்றி" என்ற அதே பதில்தான் ஒவ்வொரு தடவையும் வருகிறது. போன வாரமும் அதுவேதான்.

இமைப் பாடத்துக்கு மட்டுமே முழுக் கட்டணமும் தகும். ஆனாலும் நண்பருக்கு என் பதில், வாங்காதீங்க. புதிதாக ஆடு பிடிப்பவர் அந்த அட்டவணையை நம்பினால் மந்தையே போய்விடும். அதை அவர்கள் மாற்றட்டும், அப்புறம் முழு விலை கொடுத்தே வாங்கலாம். அதுவரை மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, உங்களுக்கு ரொம்ப தூரமும் இல்லை. அங்கே போய் நம் ஊருக்கான மாதங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இமை பார்க்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறினதும் விச்சூருக்கு வாங்க, நானே காட்டுகிறேன்.