குறுக்கெழுத்து: பொருளைப் பிடிப்பதா, சொல்லை உடைப்பதா?

புதிர்க் குறுக்கெழுத்தில் இப்படி ஒரு குறிப்பு: 'காலுக்குள் கத்திமுனை பாய்ந்தது பெருங்குற்றம் (4)'. விடைக்கு நாலு எழுத்து. குறிப்பின் ஒரு பகுதி விடையின் பொருள், மீதி அதன் எழுத்துகளைச் சேர்க்கும் வழி.

பொருளிலிருந்து தொடங்கினால் சீக்கிரம் ஏதோ ஒன்று சிக்கும். பொருள் பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்கும், இங்கே முடிவில். பெருங்குற்றம் என்றால் துரோகம். நாலு எழுத்து, சரி. குறுக்கே வெட்டும் விடையிலிருந்து மூன்றாம் எழுத்து 'க' என்று வந்தாலும் அதற்கும் பொருந்திவிடும். அப்புறம் காலும் கத்தியும் எதற்கு?

உடைத்துப் பார்ப்பது மெதுவான வழி. கால் என்றால் காற்றா, நான்கில் ஒரு பங்கா, பாதமா? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். கத்தியின் முனை, அதாவது முதல் எழுத்து, 'க'. அது பாதத்துக்குள் நுழைந்தால் பாதகம்! அழகான அமைப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது, சந்தேகத்துக்கே இடமில்லை.

கட்டம் காலியாக இருக்கும்போது நான் உடைப்பதையே நம்புவேன். எழுத்துகள் நிறைய விழுந்த பிறகு பொருள் வழியே போதும். விடையை எழுதும் முன் ஒருமுறை உடைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.