பெயிண்ட் அடிக்க அவசரப்படாத மேஸ்திரி

மடிப்பாக்கத்தில் எங்கள் பிளாட்டின் படுக்கையறையில் இரண்டு சுவர்களுக்கு வினைல் வால்பேப்பர் ஒட்டியிருந்தோம், ஒன்பது வருஷம் ஆகிறது. போன வருஷக் கடைசியில் பீரோவுக்குப் பின்னால் அது உப்பிக்கொண்டு நின்றது, பக்கத்தில் போனாலே காயாத துணி வாடை. அதை உரித்து, சுவரைச் சரிசெய்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்த எங்கள் பகுதி மேஸ்திரியின் வேலையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். வேலை முடிந்து ஐந்து மாதம் ஆன பிறகு எழுதுகிறேன், ஏனென்றால் பெயிண்ட் அடித்த வாரத்தில் எல்லாச் சுவரும் அழகாகத்தான் இருக்கும்.

முதலில் வந்தது ஒரு பெயிண்டிங் கம்பெனி ஆள். லேசரால் அளந்து, போனிலேயே எஸ்டிமேட் போட்டு, மூன்றே நாளில் முடித்துவிடலாம் என்றார். சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மேஸ்திரி வந்ததும் செய்த முதல் வேலை, விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்ததுதான். மேல் பாதி கணீரென்றது, தரையிலிருந்து இரண்டரை அடி வரை பொத் பொத்தென்று சத்தம். "அந்தப் பக்கம் பாத்ரூமா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப முதல்ல பிளம்பரைக் கூப்பிடுங்க. ஈரம் நிக்காம நான் கை வெச்சா உங்க காசு தண்டம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிப் போன ஆளை அன்றுதான் பார்த்தேன். பிளம்பர் வந்து பார்த்தபோது பாத்ரூம் டைல்ஸ் இடுக்குகளில் சிமெண்ட் கரைந்துபோய், நாணி டிராப்பை (தரைத் தண்ணீர் வெளியேறும் துளையை)ச் சுற்றித் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி, தண்ணீர் புகாத எபாக்ஸி கலவை போட்டு அடைத்த பிறகுதான் மேஸ்திரி மறுபடி வந்தார்.

உரிக்கும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெயின் போர்டில் அந்த அறையின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் தண்ணீர்ப் பாட்டிலையே எடுத்தார். வினைல் மேல்தோல் காய்ந்த நிலையிலேயே பெரிய பெரிய தாளாக வந்துவிட்டது, ஆனால் அடியில் இருக்கும் காகிதம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அதை வறட்டுத்தனமாகச் சுரண்டினால் காரையும் சேர்ந்து பெயரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் கலந்து தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, அகலமான தகட்டைப் படுத்த வாக்கில் பிடித்துத் தள்ளினார்கள், காகிதம் தோசை மாதிரி எழுந்து வந்தது. அப்புறம் பசை. ஸ்பாஞ்சால் இரண்டு முறை கழுவி, ஈரக் கையைச் சுவரில் தேய்க்கச் சொன்னார், வழுக்கியது. மூன்றாவது முறையும் கழுவினார்கள். பசை தங்கினால் அதன் மேல், சுவரை வழவழப்பாக்கப் பூசும் புட்டி மாவும் பெயிண்டும் பிடிக்காமல் பொரிந்து வரும் என்பதை நானும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கீழே இருந்தது அசல் சேதம். கறுப்பாகப் பூஞ்சை, அதற்குக் கீழே வெள்ளைப் பஞ்சு போல உப்பு பூத்திருந்தது. உப்பை மட்டும் தண்ணீர் படாமல் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து வாரிக் கொட்டச் சொன்னார், கழுவினால் அது கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடுமாம். பொத் பொத்தென்ற பகுதியைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, புதுப் பூச்சு பூசி, ஏழு நாள் தண்ணீர் அடித்தோம்.

அதற்குப் பிறகுதான் சோதனை. பூசிய நாளிலிருந்து 28 நாள் ஆகாமல் புட்டி கிடையாது என்றார். நாங்கள் ஹாலில் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம், அம்மாவுக்கு முட்டி வலி, நான் இரண்டு தடவை போன் போட்டுக் கெஞ்சினேன். மனுஷன் மசியவில்லை. ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுப் புதுப் பூச்சின் மேல் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்க்கச் சொன்னார். மூன்றாவது வாரம் ஒட்டியபோது உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அதைப் பார்த்த பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. 28ஆம் நாளுக்குப் பின் ஒட்டிய தாள் காய்ந்தே இருந்தது.

புட்டி கலக்க எங்கள் போர் தண்ணீரைத் தொடவில்லை, உப்புத் தண்ணீர் என்று மெட்ரோ தண்ணீர்தான் கேட்டார். வெள்ளை சிமெண்ட் புட்டி 40 கிலோ மூட்டை, நான்கு சுவருக்கும் சரியாகப் போனது. ஒரு மணி நேரத்துக்குத் தேவையானதை மட்டுமே கலந்தார்கள், இறுக ஆரம்பித்ததில் மறுபடி தண்ணீர் ஊற்றவில்லை. இரண்டு கோட் காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தார். பகலில் கண்ணாடி மாதிரி தெரிந்த சுவரில் அத்தனை மேடு பள்ளம்! ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டம் போட்டு மறுநாள் திருத்தினார்கள். அடிப்பூச்சாகப் பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கோட், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

குறை இல்லாமல் இல்லை. தேய்க்கும்போது கிளம்பிய தூசியைத் தடுக்க எந்த ஏற்பாடும் செய்யவில்லை, சமையலறை டப்பா வரை வெள்ளை படிந்தது. கதவிடுக்கில் ஈரத்துணியும் ஃபேனுக்கு ஒரு உறையும் நீங்களே போட்டுவிடுங்கள். அவரும் கூட வந்தவரும் மாஸ்க் போடவில்லை, நான் வாங்கிக் கொடுத்தும் பாதி நேரம் கழுத்தில்தான் கிடந்தது, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. கணக்கை எழுதித் தர மாட்டார், எல்லாம் வாய்ப்பேச்சு. ஆனால் சொன்னதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. ஆளுக்கு நாள் கூலி 1,100, இரண்டு பேருக்கு எட்டு நாள், 17,600 ரூபாய். சாமான்கள் தனி. காத்திருந்த நாட்களுக்குக் கூலி இல்லை.

ஆகஸ்டில் நாலைந்து ராத்திரி நல்ல மழை. பீரோவை நகர்த்தி வைத்துவிட்டுச் சுவரை நானே தட்டிப் பார்த்தேன், அடிவரை கணீரென்றது. ஹாலுக்கும் அவரைத்தான் கேட்டிருக்கிறேன். மழையெல்லாம் முடிந்து தை மாதம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.